பொழுதறிந்து குழாய் கட்டு

திருவிழாவுக்குக் குழாய் கட்டச் சொல்லி வருகின்ற ஊர்ப் பெரியவர்கள், மடியிலிருந்து முன்பணத்தை எடுப்பதற்கு முன்னால், "சத்தம் எத்தன தூரம் கேக்குங்க?" என்று கேட்பது எங்கள் தொழிலில் தொன்றுதொட்டு வருகின்ற சம்பிரதாயம், அதற்கு நான், என் முதலாளியிடம் கற்றுக்கொண்டபடி, "எந்நேரத்துக்குக் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பதும் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அறுபதுகளின் நடுவில் இராசிபுரத்தில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடையில் பையனாகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாகச் செட்டு வாங்கி, சேலத்திலிருந்து மோகனூர்க் காவிரிக்கரை வரையில் ஊர் ஊராக அலைந்து பிழைத்தவன் நான். 1997-ல் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிவதற்கு முன்பும் பின்பும் இந்தச் சமவெளியில் மாறாமல் இருந்த விதி ஒன்று உண்டென்றால், சப்தம் போகும் தூரத்தை மெஷினின் வாட்டைக் காட்டிலும் பொழுதே நிர்ணயம் செய்கிறது என்பதுதான். அந்தப் பொழுதை உண்டாக்குவது பூமியின் சுழற்சியாதலால், குழாய் கட்டுகிறவன் பூமி சுழல்வதை மறந்து தொழில் செய்ய முடியாது.

நான் சேர்ந்த காலத்தில் செட்டு என்பது வால்வு வைத்த மெஷின் ஒன்று, பிளேயர் ஒன்று, இசைத்தட்டுப் பெட்டி, கார் பாட்டரிகள், வாயகன்ற குழாய்கள் நாலைந்து, இவ்வளவே. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு இவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்று, வால்வு சூடேறிச் சிவக்கும்வரை காத்திருந்து, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டைப் புரட்டிப் போட்டு, தட்டு கீறாதபடி அடிக்கடி முள்ளை மாற்றிக்கொண்டு, பையன்கள் இரவு முழுவதும் விழித்திருப்போம். மெஷினின் சக்தி முப்பது நாற்பது வாட்டைத் தாண்டாது. அந்த அற்ப சக்தியில் மார்கழி விடியலில் போட்ட பாட்டு மூன்று மைலுக்கு அப்பாலிருந்த ஊரில் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது; இன்று ஆயிரக்கணக்கான வாட்டைக் கொட்டுகின்ற பெட்டிகளை அடுக்கி நடுப்பகலில் முழக்கினாலும், பந்தலுக்குள் நெஞ்சு அதிர்கிறதே தவிர, அடுத்த ஊர்க்காரன் காதில் ஒரு சொல்லும் விழுவதில்லை. குழாய்க்குள்ளிருக்கும் யூனிட் மனிதக் குரலின் மத்திய ஸ்தாயியை ஒரே திசையில் குவித்து அனுப்பும் என்பது இதற்கு ஒரு காரணம். பொழுது மற்றொரு காரணம், அதுவே பெரிய காரணம்.

எங்கள் முதலாளி எட்டாவதைத் தாண்டாதவர். ஆயினும் அவர் வகுத்து வைத்திருந்த விதிகளை இன்று நினைத்துப் பார்க்கும்போது, ஒன்றாவது பழுதென்று தள்ளத் தோன்றவில்லை. பகல் நிகழ்ச்சியென்றால் குழாயைப் புளியமரத்தின் உச்சிக் கிளையில் கட்டச் சொல்வார். இரவு நிகழ்ச்சியென்றால் ஆள் உயரத்திற்குச் சற்று மேலே கட்டினால் போதும் என்பார். வானத்தை அண்ணாந்து பார்த்து, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து காற்றும் அசையாமல் இருந்தால், "கண்ணு, கொறச்சு வை, இன்னைக்கு ஓடும்" என்று சொல்லிக் குமிழைத் தாமே திருப்பிக் குறைப்பார். மேகம் மூடிய இரவிலோ, "இன்னைக்கு ஊரத் தாண்டாது" என்று சொல்லி, கூடக் கேட்ட கமிட்டிக்காரர்களைச் சமாதானப்படுத்துவார். நட்சத்திரத்திற்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் வியந்ததுண்டு. காரணம் அவருக்கும் தெரியாது, பலனை மட்டும் அவர் அறிந்திருந்தார்.

இந்த வித்தியாசத்தை ஊரார் அனைவரும் கண்டுகொண்டது டூரிங் கொட்டகையின் மூலமாகத்தான். வெளிச்சத்தில் படம் காட்ட இயலாத கீற்றுக் கொட்டகைகளில் முதல் ஆட்டமே இருட்டிய பிறகுதான் ஆரம்பமாகும். அதற்கு முன்னால் கூரைமேல் கட்டிய குழாயில் பக்திப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டால், சுற்றுப்பட்டு ஊர்களில் அடுப்படியில் இருந்த பெண்கள் கை வேலையைத் துரிதப்படுத்துவார்கள். ஒரு கொட்டகைக்கு நாங்கள் சிலகாலம் செட்டைப் பராமரித்து வந்தோம். வெயில் தாழும் முன்னரே பாட்டைப் போட்டால் ஜனங்கள் சீக்கிரம் வருவார்கள் என்று எண்ணிய அதன் மேனேஜர் நாலரை மணிக்கே போடச் சொல்வார், கூட்டம் வராது. தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு குடியானவர், "ராத்திரி ரெண்டாவது ஆட்டப் பாட்டு எங்க வாசல்ல வந்து பாடுனாப்புல இருக்குதுங்க, பொழுதிருக்கையில மட்டும் ஏனுங்க செட்ட அமத்திப்புடறீங்க?" என்று கேட்டார். குமிழோ இரண்டு வேளையும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

இவ்விஷயத்தில் எனக்கு அறிவு புகட்டியவர் எங்கள் கடைக்கு எதிரிலிருந்த தேநீர்க் கடைக்கு மாலைதோறும் வருகின்ற ஒரு பௌதிக ஆசிரியர். எங்கள் தொழில்காரர்களிடையே அந்நாளில் ஒரு நம்பிக்கை உலவியது: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்களாதலால், மேற்கு நோக்கிக் கட்டிய குழாயின் சப்தத்தை அவ்வூர்கள் எதிர்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளும் என்றும், கிழக்கே இருக்கும் ஊர்கள் விலகி ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே கேட்பது குறையும் என்றும் சிலர் சாதித்தார்கள். இதை நான் ஆசிரியரிடம் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டு, சேலம் இருக்கின்ற அட்சரேகையில் நிலம் விநாடிக்கு ஏறக்குறைய 455 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்றும், 30 டிகிரி உஷ்ணமுள்ள காற்றில் சப்தத்தின் வேகம் 349 மீட்டர்தான் என்றும் எழுதிக் காட்டினார். "ஒங்க கூட்டாளிங்க சொல்றது மெய்யா இருந்தா, கெழக்க இருக்கற ஊருக்குச் சத்தம் கொறச்சலா கேக்காது தம்பி, சுத்தமாவே கேக்காது. நெலம் சத்தத்தவிட வேகமா ஓடுதே!" என்றார். கேட்கிறதென்பது பிரத்தியட்சம். ஆகவே, பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது என்பதும், சப்தம் அந்தக் காற்றின்மீதுதான் பிரயாணம் செய்கிறது என்பதும், ஓடுகின்ற பஸ்ஸின் முன்வரிசைக்காரன் பேசுவது பின்வரிசைக்காரனுக்கும் பின்வரிசைக்காரன் பேசுவது முன்வரிசைக்காரனுக்கும் ஒன்றுபோல் கேட்பதைப் போன்றது இது என்பதும் எனக்குத் தெளிவாயின.

இதற்கு உலகளாவிய சாட்சியும் உண்டு. 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலிருந்த கிராக்கடோவா எரிமலை வெடித்தபோது, அதன் ஓசை ஏறக்குறைய 4,800 கிலோமீட்டருக்கு அப்பால் இந்து மகாசமுத்திரத்திலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் பீரங்கி முழக்கமாகக் கேட்டது. காதுக்கு எட்டாத அதன் அழுத்த அலை பூமியைப் பலமுறை வலம் வந்ததை உலகெங்குமிருந்த பாரமானிகள் பதிவு செய்தன. கிழக்கே போன அலைக்கும் மேற்கே போன அலைக்கும் வேகத்தில் பெரிய பேதம் இல்லை. இருந்த சொற்ப பேதத்துக்கும் உயரத்தில் வீசுகின்ற காற்றே காரணம். 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தபோதும் இவ்வாறே அலை இரு திசையிலும் உலகைச் சுற்றியது.

அப்படியானால் பூமியின் சுழற்சிக்கும் சப்தத்திற்கும் சம்பந்தமே இல்லையா என்று நான் கேட்டேன். நேராக இல்லை, இரண்டு தூதர்களை அனுப்பிக் காரியத்தை நடத்துகிறது என்றார் ஆசிரியர்: ஒருவன் உஷ்ணம், மற்றவன் காற்று.

உஷ்ணத்தின் காரியத்தை அவர் விளக்கிய விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. பூஜ்ய டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டராக இருக்கின்ற சப்தத்தின் வேகம், உஷ்ணம் ஒவ்வொரு டிகிரி ஏறுவதற்கும் சுமார் 0.6 மீட்டர் வீதம் கூடுகிறது. பகலில் சூரியன் தரையைக் காய்ச்ச, தரையை ஒட்டிய காற்று அதிகமாகச் சூடாகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்திருக்கிறது. ஆகவே சப்த அலையின் அடிப்பாகம் விரைந்தும் மேற்பாகம் பின்தங்கியும் செல்ல, அலை முழுவதுமே மேல்நோக்கி வளைந்து ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. சில நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கு வெயிலில் நிழல் விழுவது மாதிரி சப்தமற்ற பிரதேசம் ஒன்று உண்டாகிவிடுகிறது. பூமி சுழன்று நம்முடைய பக்கம் சூரியனுக்கு மறைந்த பிறகு இதெல்லாம் தலைகீழாகிறது. மேகமில்லாத, காற்றசைவற்ற இரவில் தரை தன் உஷ்ணத்தை ஆகாயத்திற்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலிருக்கும் காற்று வெதுவெதுப்பாகவும் நிற்க, மேலே போன சப்தம் வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகிறது. முதலாளியின் நட்சத்திரக் கணக்குக்கும், உச்சிக் கிளைக் கணக்குக்கும் அன்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது: மேகம் போர்வையாக நின்றால் தரை குளிராது, பகலில் குழாய் உயரத்தில் இருந்தால் சப்த நிழல் சற்றுத் தள்ளி விழும்.

நம்முடைய நாட்டிலேயே இதைக் கணக்கெடுத்துப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவரைப் பற்றியும் ஆசிரியர் சொன்னார். மதராஸ் வான ஆராய்ச்சிசாலையின் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம், 1820, 1821 ஆகிய வருஷங்களில், பறங்கிமலையிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் காலையிலும் மாலையிலும் சுட்ட பீரங்கிகளின் மின்னலைக் கண்டவுடன் கடிகாரத்தை எண்ண ஆரம்பித்து, முழக்கம் காதுக்கு எட்டும் வரை எத்தனை விநாடியென்று குறித்து வந்தார். ஆராய்ச்சிசாலையிலிருந்து மலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெப்பமானி, பாரமானி, காற்றின் திசை ஆகியவற்றையும் உடன் எழுதி வைத்து, குளிர்ந்த மாதங்களைவிட வெயில் மாதங்களில் சப்தம் விரைவாக வருவதைக் கண்டு, 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் பிரசுரித்தார். சப்தத்தின் பிரயாணத்தை ஆராய்வதற்கு நம்முடைய தமிழ் மண் களமாக இருந்தது என்பதைக் கேட்டபோது, புளியமரம் ஏறுகின்ற தொழிலின்மீது எனக்குப் புதிய கௌரவம் பிறந்தது.

இரண்டாவது தூதனாகிய காற்றை நான் நன்கு அறிந்துகொண்டது பரமத்தி வேலூரில். ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் கூடுகின்ற ஜனத்திரளுக்காகக் குழாய் கட்டியிருந்தோம். கிழக்கே இருந்த ஊர்க்காரர்களுக்குப் பாட்டு திருப்தியாகக் கேட்டது, மேற்கே அதே தூரத்திலிருந்த ஊர்க்காரர்கள், "எங்களயும் வரி குடுத்தவங்கன்னு நெனைக்கலீங்களா?" என்று கமிட்டியிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். காற்று சப்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னோம். கணக்குப் பார்த்தால் அது பொருந்தாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்ற ஆடிக் காற்றும் விநாடிக்கு 10 மீட்டர்தான். சப்தத்தின் வேகத்தில் அது நூற்றில் மூன்று பங்குக்கும் குறைவு. மெய்யான காரணம், தரையை ஒட்டிய காற்று செடியிலும் வேலியிலும் உராய்ந்து மெதுவாகவும், மேலே போகப் போகத் தடையின்றி வேகமாகவும் வீசுவதேயாகும். காற்றின் போக்கிலேயே செல்லும் சப்தம் இதனால் தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் சப்தம் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடுகிறது. அன்று மேற்கு நோக்கிய குழாய்களை உயரமான தென்னையில் மாற்றிக் கட்டியதும் சண்டை ஓய்ந்தது.

அந்த ஆடிக் காற்றின் திசையைத் தீர்மானிப்பதும் பூமியின் சுழற்சிதான். தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்து புறப்படுகின்ற காற்று, பூமத்திய ரேகையைத் தாண்டியதும், சுழலும் பூமியின்மீது செல்வதால் வலப்பக்கமாகத் திரும்பித் தென்மேற்குப் பருவக் காற்றாகி, பாலக்காட்டுக் கணவாயின் வழியாகக் கொங்குச் சீமைக்குள் நுழைகிறது. சுழற்சி சப்தத்தையே நேராக வளைக்காதா என்று கேட்டால், ஓரிரு மைல் தூரத்தைப் பற்றிக் கவலைப்படுகின்ற எங்களுக்கு அது கணக்கில் எடுக்கத் தக்கதன்று. ஆயிரக்கணக்கான மைல் பிரயாணம் செய்கின்ற காற்றை வளைத்து, அந்தக் காற்றின் மூலமாக எங்கள் பாட்டை வளைக்கிறது என்பதே உண்மை. அன்று முதல் காற்றடிக்கும் மாதங்களில் எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கொடியோ கட்சிக் கொடியோ எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஏணியை எடுப்பேன்.

எழுபதுகளில் பொதுக்கூட்டங்கள் பெருகின. மேடையிலிருந்து ஒரு மைல் நீளத்திற்குச் சாலை நெடுகக் குழாய் கட்டுவது கௌரவமென்று கருதப்பட்ட காலம் அது. கம்பியில் மின்சாரம் எல்லாக் குழாய்க்கும் ஒரே கணத்தில் போய்விடுகிறது. காற்றில் சப்தமோ 350 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு விநாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே சாலையில் நிற்பவன் காதில் பக்கத்துக் குழாயின் சொல் முதலிலும், தூரத்துக் குழாய்களின் அதே சொல் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகவும் வந்து விழும். மாலை ஐந்து மணிக்குச் சோதித்துப் பார்க்கும்போது தெளிவாக இருந்த ஏற்பாடு, பிரதானப் பேச்சாளர் ஒன்பது மணிக்கு எழுந்து பேசும்போது ஒரே குழப்பமாகிவிடுவதைப் பலமுறை கண்டோம். பகலில் தூரத்துக் குழாயின் சப்தம் மேலே போய்விடுவதால் இடையூறில்லை. இரவில் அது தரையோடு வந்து சேர்ந்து பேச்சைக் கெடுத்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் ஒன்றுவிட்டு ஒரு குழாயை அணைத்துவிட்டால் பேச்சு தெளியும் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். குழாயை அணைத்தால் வாடகையைக் குறைப்பார்களோ என்று அஞ்சிய சிலர் இதைச் செய்யாமல் பேச்சாளர்களிடம் வசை வாங்கினார்கள்.

இன்றைய பையன்கள் இதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பெட்டிகளின் சப்தத்தை வேண்டிய அளவு தாமதப்படுத்தி, மேடையின் சப்தத்தோடு சேர்ந்து ஒலிக்கச் செய்கிறார்கள். சேலத்தில் ஒரு கச்சேரியில் என் பேரன் வயதுப் பையன் அதைச் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். பெட்டிக்கும் மேடைக்கும் உள்ள தூரத்தை நாடா பிடித்து அளந்தான். பிறகு மெஷின் உஷ்ணம் எவ்வளவு என்று கேட்டது. 100 மீட்டர் தூரத்தைக் கடக்க, 35 டிகிரியில் 284 மில்லி விநாடியும் 20 டிகிரியில் 291 மில்லி விநாடியும் ஆகுமாதலால், பகலில் வைத்த கணக்கு நள்ளிரவுக்குச் சரிப்படாது. "தாத்தா, பன்னெண்டு மணிக்கு மறுபடி மாத்தோணும்" என்று அவன் சொன்னபோது, முதலாளியின் சாஸ்திரம் வேறு வேஷத்தில் வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

இரவின் அமைதியில் சப்தம் தானே ஓடும் என்பதைக் குழாய் வருவதற்கு முன்பே அறிந்திருந்தவர்கள் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்கள். அவர்கள் இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பித்து விடியும்வரை ஆடியதற்கு வயல் வேலை முதலான காரணங்கள் பல உண்டு. ஆயினும் மைக் இல்லாத ஒரு தொண்டையும் முகவீணையும் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு, தெளிந்த இரவின் குளிர்ந்த தரைக்காற்றும் பெருந்துணை செய்தது. 2013-ல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பகலில் ஓசையே கேட்காத தூரத்து ஊர்களில், பின்னிரவில் வண்டியின் கூவல் தோட்டத்தோரத்தில் கேட்பதாகப் பலரும் என்னிடம் சொல்லி வியந்தார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இரவில் ஆழ்துளை போட்டால் ஊரே விழித்துக்கொள்வதும் இதே காரணத்தினால்தான்.

சட்டம் எங்கள் தொழிலைக் கட்டுப்படுத்தியது காலப்போக்கில் நேர்ந்த பெரிய மாறுதல். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளும், 2005 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பும், திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைப்பதைத் தடுத்தன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெல், இரவுக்கு 45 டெசிபெல் என்று வரம்பும் உண்டு. கூம்புக் குழாய்களைப் போலீசார் அவிழ்க்கத் தொடங்கியபோது தொழில்காரர்கள் மிகவும் குமுறினார்கள். நானும் முதலில் வருந்தியவன்தான். ஆனால் தொழிலின் உண்மையை அறிந்தவன் என்ற முறையில், சட்டம் இரவையும் பகலையும் வேறு வேறாகப் பார்த்தது நியாயமே என்று சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். ஒரே குமிழ் ஒரே இடத்தில் இருந்தாலும், பகலில் அது ஒரு தெருவுக்கு, இரவில் நான்கு ஊருக்கு. அந்நான்கு ஊரிலும் பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளையும், தூக்கமிழந்த நோயாளியும் இருக்கிறார்கள். நாமக்கல் பக்கமாயின், திடீரென்று எழும் ஓசையில் மிரண்டு முட்டை குறைகின்ற கோழிப் பண்ணைகளும் இருக்கின்றன. பண்ணைக்காரர் வந்து குழாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லி மன்றாடியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே இத்தொழிலுக்கு வருகின்ற இளைஞர்களுக்கும், கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது: கடிகாரம் ஆறைத் தாண்டிவிட்டது என்பதனால் மட்டும் மார்கழியிலும் தையிலும் குமிழை ஏற்றிவிடாதீர்கள்; வெயில் ஏறித் தரை காயும் வரையில், சட்டத்துக்கு அது பகலாயினும் சப்தத்துக்கு அது இரவே. எட்டு மணி கழிந்தபின் ஏற்றுங்கள். பொழுது சாயும் முன்னரே இறக்குங்கள். மேகமும் கொடியும் சொல்வதைக் கேட்டு இடத்தைத் தேருங்கள். அடுத்த ஊருக்கு நம் ஊர்த் திருவிழா தெரிய வேண்டுமென்றால் அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.